ஆரஞ்சு குரோமைடு: வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம்

சிக்லிட் குடும்பத்தில் 10 செ.மீ.க்குள் வளர்ச்சி நின்றுவிடும் மீன்களை வளர்ப்பவர்கள் குள்ளச் சிக்லிட் என்பார்கள். அலங்கார மீன் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் தென்னமெரிக்காவின் ராமிரெசி, அபிஸ்டோகிரம்மா வகைகள். இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட்கள் மூன்று. கரிமீனும் கனரா கரிமீனும் போக எஞ்சியது, மூன்றிலும் சிறியதான ஆரஞ்சு குரோமைடு. கேரளத்தில் இதைப் பள்ளத்தி என்பார்கள். 1795இல் பிளாக் என்ற ஜெர்மானிய இயற்கை அறிஞர் இதை விவரித்தார். தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் கழிமுகங்களிலும் காயல்களிலும் வாழும் இது சுமார் 8 செ.மீ. வளரும்.

இராமநாதபுரம், இராமேசுவரம் பகுதியில் மீன் வளர்ப்பவரின் முதல் சிக்கல் தண்ணீர். ராமிரெசி ஒரினோகோ ஆற்றுச் சமவெளியின் மென்னீரில் வாழ்வது. கடின நீரில் அதன் முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை. இக்கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகவே வருவதால், ராமிரெசிக்கு ஆர்ஓ தண்ணீர் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஆரஞ்சு குரோமைடோ நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும். குடிக்க உதவாத அதே போர் தண்ணீரில் அது செழிக்கும். ஆகவே இந்த ஊர்களில் சிக்லிட் இனப்பெருக்கத்தைத் தொடங்குபவருக்கு இதுவே ஏற்ற மீன். உப்பு போதாத இடத்தில் ஆறு பங்கு நன்னீருக்கு ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் உப்பு நிற்கும். இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல், சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது. ஹீட்டர் தேவைப்படாது. கோடையில் மின்தடை வந்தால் காற்று குறையும் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஆண், பெண் வேறுபாடு பார்வைக்குப் புலப்படாது. ஐந்தாறு இளமீன்களைச் சேர்த்து வளர்த்தால் அவை தாமே ஜோடி சேரும். ஜோடி சேர்ந்தபின் மற்றவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடிபட்டே சாகும். 80 முதல் 100 லிட்டர் தொட்டி, மெல்லிய மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தட்டையான கல் அல்லது கவிழ்த்து வைத்த மண்சட்டி ஆகியவை போதும்.

இனப்பெருக்கக் காலத்தில் வயிற்றுத் துடுப்புகள் கரேலென்று கறுக்கும். இரண்டும் கல்லை வாயால் சுத்தம் செய்தபின், பெண் சுமார் 200 முட்டைகளை இடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு காம்பினால் கல்லில் ஒட்டி நிற்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி நின்று விசிறும். வெள்ளையாகிப்போன முட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடும். ஏறத்தாழ ஐந்து நாளில் பொரித்ததும், மணலில் தோண்டிய குழிக்குக் குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய் விடும். முதல் ஓரிரு முறை பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிடுவது வழக்கம். ஜோடியைப் பிரிக்காமல் விட்டால் பிறகு சரியாகிவிடும்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், பெற்றோர் கறுத்த துடுப்புகளை வெடவெடவென்று அசைத்து அவற்றை அருகே அழைக்கும். குஞ்சுகள் பெற்றோரின் விலாவில் உரசி, அங்கே ஊறும் வழவழப்பைக் கொறித்துத் தின்னும். 1967இல் வார்டு, பார்லோ என்ற ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தை விரிவாக ஆராய்ந்தனர். தொட்டியில் பெற்றோரைப் பிரிக்கக் கூடாது என்பதற்கு இதுவே வலுவான காரணம். இந்த வழவழப்புடன், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலையும் தினமும் இரண்டு மூன்று வேளை கொடுக்கலாம். கடல்நீரிலேயே காற்றோட்டம் கொடுத்து வைத்தால் ஆர்ட்டீமியா முட்டை ஒரு நாளில் பொரித்துவிடும்; கடலோர வீடுகளுக்கு இதுவும் ஒரு வசதி.

மிஞ்சும் குஞ்சுகளைக் கடைக்கோ மற்ற வளர்ப்பவர்களுக்கோ கொடுக்கலாம். கடையில் வாங்கிய மீனின் வம்சத்தைக் கண்மாயிலோ ஊருணியிலோ விடக் கூடாது. ஜிலேபிக் கெண்டை எனப்படும் மொசாம்பிக் திலாப்பியாவும் சிக்லிட்தான். 1952இல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டுக் குளங்களில் பரவிவிட்ட அந்த மீனை இனிப் பிடித்து அகற்ற முடியாது.