வழிப்போக்கரின் பங்கும் விடுதியின் கணக்கும்

விருந்தோம்பலைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதனை ஓர் உயர்ந்த குணமாகவே பேசி நிறைவு செய்துவிடுகின்றனர். வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தினருக்குக் கன்றின் இறைச்சியைச் சமைத்து முன்வைத்த வரலாற்றைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. இவை நாம் இளமையிலேயே கேட்டறிந்தவை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு விருந்தினர் வந்தால் குணம் போதும். ஓர் ஊருக்கு நாள்தோறும் நூறு வழிப்போக்கர் வந்தால் குணம் மட்டும் போதுமா? அரிசிக்கு வருவாய் எங்கிருந்து வரும்? அறையின் திறவுகோல் யாரிடம் இருக்கும்? வந்தவர் எத்தனை நாள் தங்கலாம்? இவற்றுக்கு விடை காணாத விருந்தோம்பல் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைப்பதில்லை என்பதே வரலாறு நமக்குக் காட்டும் உண்மையாகும்.

இவ்வினாவைப் பேகம்பூரில் இருந்துகொண்டு எழுப்புவது பொருத்தமே. 1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் இங்கே மறைந்து அடக்கமானார் என்றும், அவர் பெயராலேயே இப்பகுதி பேகம்பூர் ஆயிற்று என்றும் வழிவழியாகக் கூறி வருகின்றனர். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் ஆங்கிலேயர் வசமாயிற்று. படைகள் போயின, பாதைகள் எஞ்சின. பழனிக்குச் செல்வோரும், கொடைக்கானலுக்கு ஏறுவோரும், மலைக்கோட்டையைக் காண வருவோரும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். பாதை ஓரத்தில் வாழும் மக்களுக்கு வழிப்போக்கரைப் பற்றிய சிந்தனை கடமையாகிறது.

இந்நாளில் விருந்தோம்பல் மேலாண்மை, சுற்றுலா மேலாண்மை என்னும் பெயர்களில் கல்லூரிப் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. சென்னையில் உணவக மேலாண்மைக்கான நிறுவனம் 1963-இல் தோன்றியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் அமைக்கப்பட்டது. பெயர்கள் புதியன, பொருளோ மிகப் பழையது. நம் முன்னோர் அதனை அறமாகவும் அறிந்திருந்தனர், நிர்வாகமாகவும் அறிந்திருந்தனர்.

மார்க்கச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஜகாத் பெறுதற்குரிய எட்டு வகையினருள் ஒருவராக ‘இப்னுஸ் ஸபீல்’ எனப்படும் வழிப்போக்கர் குறிக்கப்பட்டுள்ளார். தம் ஊரில் செல்வராயிருந்தாலும் வழியில் கையறு நிலையுற்றவருக்கு இப்பங்கு உண்டு என்பது சட்ட அறிஞர்களின் விளக்கம். எனவே அவர் பெறுவது இரக்கத்தால் இடும் பிச்சையன்று; வரையறுத்த பங்காகும். மறுபுறம், விருந்து மூன்று நாள்களுக்கே உரியது என்றும், அதற்குமேல் அளிப்பது தருமமாகும் என்றும், விருந்தளிப்பவர் இடருறும் அளவுக்குத் தங்குதல் விருந்தினருக்கு ஆகாது என்றும் நபிமொழி வரம்பு விதிக்கிறது. வந்தவருக்கு உரிமை, வரவேற்பவருக்குப் பாதுகாப்பு என இரு தட்டுகளும் சமன் செய்யப்பட்டிருத்தலை ஈண்டு நோக்க வேண்டும். இதுவே நிர்வாகத்தின் முதற்பாடம்.

இனி, உலகப் பயணி இப்னு பதூதாவைக் காண்போம். 1325-இல் தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிறர் அளித்த கூரைகளின் கீழ் உறங்கியவர் அவர். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் ஆட்சிக் காலத்தில் நம் தமிழகத்துக்கும் வந்தார். 1355-இல் எழுதி முடிக்கப்பெற்ற அவருடைய பயண நூலில் விருந்தோம்பலின் மூன்று முறைகளை நாம் காண்கிறோம்.

முதலாவது, அனத்தோலியாவின் அகீ சங்கங்கள். தொழில் செய்யும் இளைஞர்கள் பகலெல்லாம் உழைத்து, ஈட்டியதை அஸர் தொழுகைக்குப்பின் தம் தலைவரிடம் கொண்டு வந்து சேர்ப்பர். அப்பணத்தில் உணவும் கனிகளும் வாங்கப்படும். அன்று ஊருக்கு வந்த பயணி அவர்களுடைய தங்குமிடத்தில் விருந்தினராவார். எவரும் வராவிடில் தாமே கூடி உண்பர். பெரிய சொத்து ஏதுமின்றி, அன்றாட உழைப்பின் பங்கைக் கொண்டு நடந்த விருந்தோம்பல் இது.

இரண்டாவது, மலையாளக் கரை. பாதை நெடுகிலும் அரை மைலுக்கு ஒன்றாக மரத்தாலான தங்கல் மனைகளும், திண்ணைகளும், கிணறுகளும், நீர் வார்க்க ஓர் ஆளும் இருந்ததை அவர் வியந்து குறிக்கிறார். உண்கலத்தில் தீட்டுப் பார்க்கும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆகவே தங்குமிடந்தோறும் முஸ்லிம்களின் இல்லங்கள் இருந்தன. முஸ்லிம் பயணிகள் அங்கே இறங்கி, வேண்டியவற்றை விலைக்கு வாங்க, அவ்வில்லத்தார் சமைத்துக் கொடுத்தனர். அவர்கள் இல்லையேல் அந்நாட்டில் முஸ்லிம் ஒருவர் பயணம் செய்தல் இயலாது என்கிறார் இப்னு பதூதா. விலை பெற்றதனால் அச்சேவையின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சீன நாட்டு விடுதி. இரவு தொடங்கியதும் விடுதி அதிகாரி தம் எழுத்தருடன் வந்து, தங்கியோர் அனைவரின் பெயரையும் எழுதி, முத்திரையிட்டு, கதவைப் பூட்டிச் செல்வார். விடிந்ததும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். அடுத்த விடுதி வரையில் துணையாள் அனுப்பி, அனைவரும் நலமே வந்து சேர்ந்தனர் என்னும் சான்றுச் சீட்டைப் பெறுவார். அவர் சீனம் சென்றதையே ஐயுறும் ஆய்வாளரும் உளர். எனினும் 14-ஆம் நூற்றாண்டுப் பயணி ஒருவர் எதனை நல்ல விடுதி என்று கருதினார் என்பதற்கு இக்குறிப்பு போதிய சான்றாகும். இங்கே அவர் போற்றியது பட்டு மெத்தையை அன்று; பதிவேட்டை!

தமிழகம் இவ்வகையில் எந்நாட்டுக்கும் பிற்பட்டதன்று. மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் இராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்களோ தனிப்பெருமை உடையன. அவற்றின் நடைமுறையை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னாது வழிச்செல்வோர் அனைவர்க்கும் உணவு உண்டு. யாத்திரிகருள் ஜோகிகளும் ஜங்கமரும் நம் பக்கீர்களும் எண்ணப்பட்டனர். சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவருக்கு அரிசியும் கறிச்சரக்குகளும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதோர் உளரேல் வருக என அறிவிக்கப்பட்டது. நோயுற்ற பயணிக்கு மருத்துவரும், குணமாகும் வரையில் இடமும் உண்டு. வழியில் இறந்தோருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கும் உண்டு. இத்துணையும் அவற்றுக்கென எழுதி வைக்கப்பட்ட நிலங்களின் விளைச்சலால் நடந்தேறின.

அவ்வாறாயின் நாடெங்கும் இருந்த சத்திரங்களுள் பல ஏன் பாழாயின? விடை 1817-ஆம் ஆண்டின் சென்னை ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் முகப்பிலேயே உள்ளது. பள்ளிவாசல்கள், கோயில்கள், சத்திரங்கள் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய் பலவிடங்களில் கொடுத்தோரின் எண்ணத்துக்கு மாறாகச் செலவிடப்படுகிறது. கட்டடங்கள் பழுதுற்றுக் கிடக்கின்றன என்பதையே அச்சட்டம் தன் தோற்றத்துக்குக் காரணமாகக் கூறிற்று. 1863-இல் வேறொரு சட்டத்தால் அரசு சமய நிலையங்களின் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டது. பின்னர் 1923-ஆம் ஆண்டின் முஸல்மான் வக்ஃபு சட்டம், முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என விதித்தது. 1954-லும் 1995-லும் வக்ஃபுச் சட்டங்கள் தொடர்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டங்கள் மீண்டும் மீண்டும் கேட்டது ஒன்றே: கணக்கு எங்கே?

இவ்விடத்தில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பள்ளிவாசலின் கூரை ஒழுகினால் ஐவேளையும் தொழ வருவோர் கேட்பர். மதரஸாவில் ஆசிரியர் இல்லையேல் பெற்றோர் கேட்பர். முசாபிர் அறை பூட்டிக் கிடந்தால் கேட்பவர் யார்? முசாபிரோ விடிந்ததும் தம் வழியே போய்விடுகிறார். ஜமாஅத் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வாக்கில்லை. வழக்காட அவருக்கு நேரமில்லை. உரிமை உடையோருள் வாயில்லாதவர் அவரே. ஆகவேதான் அறநிலையம் எதுவாயினும் தளர்ச்சி நேரும்போது முதலில் பறிபோவது அவர் பங்காகிறது. அறை முதலில் சாமான் அறையாகும். பின்னர் வாடகைக் கடையாகும். பின்னர் அது முசாபிருக்குரியது என்னும் நினைவே மறைந்துவிடும்.

இனி, விலைக்கு விருந்தளிப்போரைப் பார்ப்போம். 1867-இல் இயற்றப்பட்ட சராய்ச் சட்டம், விடுதி நடத்துவோர் பதிவு செய்துகொள்ளவும், அறைகளைத் தூய்மையாக வைத்திருக்கவும், காவலாளரை நியமிக்கவும், கட்டண விவரத்தை அனைவரும் காணத் தொங்கவிடவும் கட்டளையிட்டது. 1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. நடந்து செல்வோர் குறைந்தனர்; புகைவண்டி நேரத்துக்கு உணவும் ஓரிரவுக்கு அறையும் தேடுவோர் பெருகினர். நிலையத்தின் அருகே காசு கொடுத்துத் தங்கும் விடுதிகள் எழுந்தன. நம் திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் அணிந்த தலைப்பாகையே பெயராகி, இன்று தலப்பாக்கட்டி பிரியாணி கடல் கடந்தும் அறியப்படுகிறது. முஸ்லிம் இல்லங்களின் விருந்துணவு என எண்ணப்பட்ட பிரியாணி, நாயுடு ஒருவரின் கைவண்ணத்தால் இவ்வூரின் முகவரியானது நாம் மகிழத்தக்க செய்தியே. கடைக்காரர்க்கு நட்டம் மறுநாளே தெரிந்துவிடும். அறக்கட்டளைக்கோ ஒரு தலைமுறை கழித்தே தெரியும். இவ்வேற்றுமையே ஒன்றை வளர்த்தது, மற்றொன்றை வாட்டியது.

எனினும் கடை எல்லாம் செய்துவிடாது. கையில் காசில்லாத வழிப்போக்கரும், மருத்துவமனைக்கு வந்த நோயாளியின் உறவினரும் கடைவாயிலில் என் செய்வர்? அதனை உணர்ந்தே தோல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863-1938) சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே பயணிகளுக்காக சித்தீக் சராயை அமைத்தார். வணிகத்தில் கணக்கறிந்தவர் அறத்தில் இடமறிந்து செயல்பட்டார். பயணி எங்கே இறங்குவாரோ அங்கேயே விடுதி! தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற நம் ஊர்ச் செல்வந்தர்களுக்கு இது நல்ல முன்மாதிரியாகும்.

இறுதியாக, இன்றைய போக்கு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். முற்காலத்தில் வழிப்போக்கர் மிகுதியாக வருதல் ஊருக்குப் பேறாகக் கருதப்பட்டது. இன்றோ வருவோரின் பெருக்கமே மலைகளுக்குச் சுமையாகிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அம்மலைகள் எத்தனை பேரைத் தாங்கும் என ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் கோடைப் பருவத்துக்குக் கொடைக்கானலில் வார நாள்களில் 4,000, வார இறுதி நாள்களில் 6,000 வாகனங்கள் என வரம்பு கட்டப்பட்டது. ஆய்வாளர் இதனைத் தாங்குதிறன் என்பர். விருந்தளிப்பவர் இடருறும் அளவுக்கு விருந்தினர் தங்கலாகாது என்னும் பழைய நெறியை அறிந்தோருக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது. அங்கே விருந்தளிப்பவர் இல்லத்தார். இங்கே விருந்தளிப்பது மலையும் அதன் நீரும்.

மலையில் வரம்பு இறுகினால், அடிவாரத்து ஊர்களில் தங்கிச் செல்வோர் பெருகக்கூடும். அந்நாளுக்குப் பேகம்பூர் போன்ற ஊர்கள் ஆயத்தமாக வேண்டாவா? ஓட்டல் தொழிலில் இறங்கும் நம் இளைஞர்கள் முறையாக அக்கல்வியைப் பயின்று இறங்கட்டும். முசாபிருக்கென அறையோ நிலமோ உடைய ஜமாஅத்துகள், அது யாருக்குரியது என்பதையும், எத்தனை நாள் தங்கலாம் என்பதையும், கட்டணம் உண்டேல் அதனையும் ஒரு பலகையில் எழுதி வாயிலில் தொங்கவிடட்டும். வந்தவர் பெயரை எழுத ஒரு பதிவேடும், ஆண்டுதோறும் ஜும்ஆவுக்குப் பின் மக்கள் முன் படிக்க ஒரு வரவு செலவுக் கணக்கும் இருக்கட்டும். அக்கணக்கு படிக்கப்படும் வேளையில் முசாபிர் அவையில் இருக்கமாட்டார். அவருக்காக எழுந்து கேட்க வேண்டியவர்கள், நாளை வேற்றூரில் முசாபிராக நிற்கப்போகும் நாமே.