படத்தில் இல்லாத அடிப்பாகம்: விக்டோரியா காலத் தொடக்கச் சரக்கு வண்டிகளும் அவற்றின் சிற்றளவு மாதிரிகளும்

லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதையைப் பற்றிப் பேசும் நூல்களில் தவறாமல் இடம்பெறுபவை, லண்டன் பதிப்பாளர் ஆக்கர்மன் 1831இல் வெளியிட்ட நீளப் படங்கள். ஐசக் ஷா வரைந்தவற்றைப் பார்த்துச் செதுக்கிய அந்தப் படங்களில் நான்கு ரயில்கள் செல்கின்றன. முதல் வகுப்புப் பெட்டிகள் ஒரு வரிசையிலும், இரண்டாம் வகுப்பு அடுத்ததிலும், சரக்கு வண்டிகள் மூன்றாவதிலும், கால்நடை வண்டிகள் நான்காவதிலும் உள்ளன. எல்லாமே பக்கவாட்டுத் தோற்றம். வண்டியின் நீளத்தையும் சக்கரங்களின் இடைவெளியையும் ஓரளவு அளந்தெடுத்துக்கொள்ளலாம். அகலம் தெரியாது. மறுபக்கமும் தெரியாது. அடிச்சட்டத்தில் குறுக்குக் கட்டைகள் எத்தனை, இழுவிசையைத் தாங்கிய இரும்புக் கம்பி எங்கே பொருத்தப்பட்டிருந்தது என்ற கேள்விகளுக்கு ஓவியர் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வரலாற்றாசிரியருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. தெரியாததைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். மாதிரி செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய வண்டிக்கு அகலமும் மறுபக்கமும் அடிப்பாகமும் இருந்தே ஆகவேண்டும். விக்டோரியா அரசி பதவியேற்ற 1837ஐ ஒட்டிய ஆண்டுகளின் சரக்கு வண்டிகளைச் சிற்றளவில் செய்யும் கலை எப்படி வளர்ந்தது என்பதைப் பலரும் கருவிகளின் வளர்ச்சியாகவே எழுதுகிறார்கள். ஈய வார்ப்பு, பித்தளைத் தகடு, பிளாஸ்டிக், கணினி அச்சு என்று அது வரிசையாகப் போகும். அந்த வளர்ச்சியை முதலில் நகர்த்தியது சான்றுகளைத் தேடிய தேடல் என்பதே என் கருத்து. வெற்றிடத்தை விட்டுவைக்க முடியாத வேலை என்பதால், மாதிரி செய்தவர்கள் ஆவணங்களிடம் வேறு யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டார்கள்.

முதலில் வண்டிகளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடகிழக்கு நிலக்கரி வயல்களில் ஓடிய சால்ட்ரன் வண்டி ரயில் எஞ்சினைவிட மூத்தது. குதிரை இழுத்த காலத்தில் உருவான அதன் வடிவத்தை 1825இல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை அப்படியே ஏற்றுக்கொண்டது. மேலே அகன்று கீழே குறுகும் மரத்தொட்டி. அது கொள்ளும் நிலக்கரி 53 ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறக்குறைய 2,700 கிலோ. துறைமுக மேடையில் நிறுத்தி அடிக்கதவைத் திறந்தால் கரி நேராகக் கீழே கொட்டும். வில் இல்லை. பிரேக் என்பது ஒரு நீண்ட நெம்புகோலும், சக்கரத்தை அழுத்தும் மரக்கட்டையும்தான். சக்கரங்களின் ஆரங்கள் மறைப்பின்றி வெளியே தெரியும். இந்த வடிவம் 20ஆம் நூற்றாண்டிலும் துறைமுகப் பாதைகளில் உயிரோடு இருந்தது. அதனால் அசல் வண்டிகள் சில பிழைத்து, பீமிஷ், ஷில்டன் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அளவு நாடாவோடு போய் அளக்க முடிகிற வண்டி இது.

பொதுச் சரக்கு வண்டிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1830களிலும் 40களிலும் அது பெரும்பாலும் நான்கு சக்கரத்தின் மேல் ஒரு மரத்தளம், தாழ்ந்த பலகைப் பக்கங்கள், மழைக்கு ஒரு தார்ப்பாய். இரு பக்கச் சட்டங்களின் முனைகளே முன்னும் பின்னும் நீண்டு மோதுகட்டைகளாக நின்றன. வில் வைத்த பஃபர் சரக்கு வண்டிக்கு ஆடம்பரம் என்று கருதப்பட்டது. லிவர்பூல் பாதையில் தளவண்டியின் மேல் நிலக்கரிப் பெட்டிகளை வைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் பாரந்தூக்கியால் குதிரை வண்டிக்கு மாற்றினார்கள். இன்றைய கண்டெய்னரின் முன்னோடி அது. பயன்பட்டு, உடைந்து, விறகான வண்டிகள் இவை. யாரும் பாதுகாக்கவில்லை. புகைப்படக் கலை பொதுவெளிக்கு வந்ததே 1839இல்தான். வந்தபிறகும் வெகுகாலத்துக்குச் சரக்கு வண்டியைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் அளவுகள் எங்கிருந்து வந்தன? சில, பொறியியல் நூல்களிலிருந்து. நிக்கலஸ் வுட் 1825இல் எழுதிய ரயில்பாதை நூல் தொடக்க வடிவங்களைப் பதிவுசெய்தது. பிரான்சிஸ் விஷா நாடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு கம்பெனியின் பாதையையும் வண்டிகளையும் 1840இல் தொகுத்தார். ஜான் குக் போர்னின் லண்டன்–பர்மிங்காம் ஓவியங்கள் கட்டுமான வேலைகளை நுணுக்கமாகக் காட்டுகின்றன. வண்டிகள் அங்கே ஓரத்தில்தான்.

மனத்தைக் கனக்கவைக்கும் சான்று வேறொன்று. 1841 டிசம்பர் 24 அதிகாலை, ரெடிங் நகருக்கு அருகே சோனிங் பள்ளத்தில் சரிந்து கிடந்த மண்ணில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில் ஒன்று மோதியது. எஞ்சினுக்குப் பின்னால் ஏழைப் பயணிகள் இருந்த திறந்த வண்டிகள். அவற்றுக்கும் பின்னால் கனத்த சரக்கு வண்டிகள். எஞ்சின் நின்றதும் சரக்கின் பாரம் பயணிகளை நசுக்கியது. 8 பேர் அங்கேயே இறந்தார்கள். இன்னொருவர் பிறகு மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பயணி வண்டிகளின் பக்கங்கள் வெறும் 2 அடி உயரம் என்ற செய்தி, விபத்து பற்றிய விசாரணையால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் அது 8 மி.மீ. பலகை. அந்த உயரத்துக்குப் பலகையை வெட்டுகிறவர், கிளாட்ஸ்டன் கொண்டுவந்த 1844ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் வகுப்புக்குக் கூரையுள்ள வண்டியை ஏன் கட்டாயமாக்கியது என்பதையும் கையால் உணர்கிறார்.

சான்றுகளை அப்படியே நம்பவும் முடியாது. 7 அடி ¼ அங்குல அகலப் பாதையும் 4 அடி 8½ அங்குலப் பாதையும் குளஸ்டரில் சந்தித்தபோது, சரக்கை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அமளியை 1846இல் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ படமாக வெளியிட்டது. இரு வகை வண்டிகளும் அருகருகே நிற்கும் காட்சி என்பதால் மாதிரி செய்கிறவர்களுக்கு அது பெரும் ஈர்ப்பு. ஆனால் அது அகலப் பாதைக்கு எதிரான பிரசாரம் கொதித்த காலம். நாடாளுமன்றக் குழு குளஸ்டருக்கு வந்தபோது, ஏற்கெனவே வேலை முடிந்திருந்த இரண்டு ரயில்களின் சரக்கையும் எதிர்த்தரப்பின் மேலாளர் ஒருவர் மறுபடி இறக்கவைத்து அமளியைக் கூட்டினார் என்று கிரேட் வெஸ்டர்ன் வரலாற்றை எழுதிய மெக்டெர்மாட் பதிவுசெய்திருக்கிறார். இப்படிப்பட்ட காலத்து ஓவியத்தை வைத்துச் சக்கரத்தின் விட்டத்தைக் கணக்கிடுவது சரியல்ல.

இனி மாதிரிகளின் கதை. விக்டோரியா காலத்திலேயே பித்தளை எஞ்சின் பொம்மைகள் வீட்டுத் தரையில் தண்ணீர் சிந்திக்கொண்டு ஓடின. 1891இல் மெர்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் தண்டவாள அளவுகளை வரிசைப்படுத்திக் காட்டியது. நூற்றாண்டுத் திருப்பத்தில் நார்தாம்ப்டனின் பாசெட்-லோக் பெரியவர்களுக்கான மாதிரிகளை விற்கத் தொடங்கினார். எல்லாரும் அவரவர் காலத்து ரயிலையே செய்தார்கள். பழைய வண்டிமேல் கண் திரும்பியதற்கு நூற்றாண்டு விழாக்கள் ஒரு காரணம். 1925இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் விழா ஊர்வலம், 1930இல் லிவர்பூல்–மான்செஸ்டர் விழா. இரண்டாவதற்காக எல்.எம்.எஸ். ரயில் கம்பெனி பழைய பயணிப் பெட்டிகளை முழு அளவில் புதிதாகச் செய்தது. முழு அளவு நகலும் ஒரு மாதிரிதான்; அதைச் செய்தவர்களும் அதே வெற்றிடங்களை ஊகத்தால் நிரப்பினார்கள். பின்னால் வந்த சிற்றளவுக் கலைஞர்கள் நகலை அசலாக எடுத்துக்கொண்டால், ஒருவருடைய ஊகம் இன்னொருவருக்கு ஆதாரமாகிவிடும்.

1950இல் இங்கிலாந்தில் வரலாற்று மாதிரி ரயில் சங்கம் தோன்றியதை இக்கதையின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். வரைபடங்களையும் வண்ணக் குறிப்புகளையும் தேடிச் சேர்ப்பதை அது முதன்மைப் பணியாக வைத்துக்கொண்டது. செய்வதற்கு முன் தெரிந்துகொள் என்ற ஒழுங்கு அங்கே நிலைபெற்றது.

ஆனால் தண்டவாளமே தவறாக இருந்தது. பிரிட்டனில் பரவலான ஓஓ முறையில் வண்டி அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் இருக்கும். தண்டவாள இடைவெளியோ 16.5 மி.மீ. அந்த அளவில் அது 4 அடி 1½ அங்குலம். உண்மையைவிட 7 அங்குலம் குறைவு. பிற்கால வண்டிகளில் பாகங்கள் நிறைந்த அடிப்பகுதி இந்தக் குறையை மறைத்துவிடும். சால்ட்ரனில் மறைக்க எதுவுமே இல்லை. சக்கரங்கள் தொட்டிக்கு அடியில் ஒடுங்கி, வண்டியே வேறொன்றாகிவிடும். 1960களின் நடுவில் புரோட்டோஃபோர் குழுவினர் 18.83 மி.மீ. என்ற துல்லிய அளவைக் கொண்டுவந்தது, வேறெந்தக் காலத்தைவிடவும் இந்தத் தொடக்க காலத்துக்கே அதிகம் உதவியது. அதே துல்லியத்தில் கிரேட் வெஸ்டர்னின் அகலப் பாதை 28.08 மி.மீ. அகலப் பாதைச் சங்கத்தினர் அந்த அளவுக்கான வண்டி உறுப்புகளைத் தாங்களே தயாரித்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள்.

துல்லியம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மெல்லிய விளிம்புள்ள சக்கரம், சட்டம் சற்று முறுக்கினாலும் தடம்புரளும். ஓர் அச்சை நிலையாக வைத்து, மற்றதை நடுவில் தாங்கி இருபுறமும் அசையவிட்டால் நான்கு சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டபடி இருக்கும். மைக் ஷார்மன் இந்த அசையும் சட்ட முறையை எஞ்சின்களுக்கு விரித்து நூலாகவே எழுதினார். 19ஆம் நூற்றாண்டு ரயில்களைக் அகலங்கள் கலந்த பாதையில் ஓட்டிக்காட்டியவர் அவர். மோதுகட்டை வேறுவிதச் சவால். நிஜத்தில் வளைவுகள் விரிந்தவை. மேசைமேல் வளைவு இறுக்கமானது. அசையாத கட்டைகள் உரசி வண்டியைத் தூக்கிவிடும். வண்டிகளை இணைக்கும் சங்கிலியை ஒரு மயிரிழை நீட்டுவதா, வளைவை விரிப்பதா என்று செய்கிறவர் முடிவெடுக்க வேண்டும். வளைவை விரிப்பவர்களின் பக்கமே நான். அப்போதுதான் பாதையும் அந்தக் காலத்தின் பாதையாகிறது.

கடை விற்பனை இக்காலத்தைத் தொட்டதெல்லாம் பெரும்பாலும் புகழ்பெற்ற எஞ்சின் வழியாகத்தான். ட்ரை-ஆங் 1963இல் ‘ராக்கெட்’டை விற்றது, ஹார்ன்பி 2020இல் புதிதாகச் செய்தது. இரண்டும் இழுத்தது பயணிப் பெட்டிகளை. சரக்கு வண்டி அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளிலும், பிளாஸ்டிக் தகட்டைக் கத்தியால் கீறி உண்டாக்கிய பலகைக் கோடுகளிலும் பெரும்பாலும் தனியார் மேசைகளில்தான் பிறந்தது. 2020களில் அக்யூராஸ்கேல் நிறுவனம் சால்ட்ரன் வண்டிகளை ஆயத்த நிலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிழைத்திருந்த வண்டி கடைக்கு வந்ததில் வியப்பில்லை: அதை அளக்க முடிந்தது.

அளக்க முடியாத வண்டிகள் மிச்சமிருக்கின்றன. 1842இல் ரயில்வே கணக்குத் தீர்வகம் தொடங்கி, ஒரு கம்பெனியின் வண்டி இன்னொரு கம்பெனியின் பாதையில் தொலைதூரம் போகத் தொடங்கியபிறகு, ஒரே ரயிலில் பல கம்பெனிகளின் பலவகைக் கட்டுமானங்கள் கலந்து ஓடின. அப்படி ஒரு ரயிலை முழுமையாகச் செய்ய விரும்புகிறவர், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் கம்பெனிக் குறிப்பேடுகளையும் ஒப்பந்த விவரங்களையும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ரயில்வே தொகுதிகளில் தேடவேண்டும். கிடைத்தவற்றைக் கொண்டு வண்டியைச் செய்து முடித்ததும், எந்த உறுப்பு ஆவணத்திலிருந்து வந்தது, எது ஒப்புமையால் ஊகித்தது என்று அடிப்பலகையின் உட்புறத்திலோ கூடவரும் குறிப்பேட்டிலோ எழுதிவைக்கும் வழக்கம் இத்துறையில் பொதுவாக வேண்டும் என்று முன்மொழிகிறேன்.