ஆம்புலன்ஸில் ஏறிய மூளை அலை

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் மூளைக்குள் என்ன நடக்கிறது? பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டார். நம் வீடுகளிலோ வாய் கோணினால் "வாயு பிடிச்சிருக்கு, தைலம் தேய்" என்று இன்னமும் அரை நாளைக் கடத்துவார்கள்! வண்டியிலேயே நோயை அறிய வழியுண்டா? இதற்கு உதவக்கூடும் என்று இன்று ஆராயப்படுவது, நூறு வயது தாண்டிய ஒரு முறை.

1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். (முயல், குரங்கு மூளைகளில் மின்னோட்டம் உண்டென்று லிவர்பூலின் ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே சொல்லிவிட்டார்.) பெர்கருக்குத் தம் கண்ணையே நம்ப முடியவில்லையோ என்னமோ, ஐந்து வருஷம் வெளியிடவில்லை. 1929-இல் கட்டுரை வந்தபோதும் பலர் அது ஏதோ கருவிக்கோளாறு என்றே நினைத்தார்கள். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் சோதித்து உறுதி செய்த பிறகுதான் மதிப்பு வந்தது. நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் சோதனைக்குத் தம் தலையையே கொடுத்தார் என்பது ரசமான செய்தி.

1936-இல் லண்டனில் கிரே வால்டர், மூளைக் கட்டி உள்ள இடத்தில் அலைகள் மந்தமாவதைக் காட்டினார். ரத்தம் குறைந்தாலும் அதே கதைதான். கழுத்துத் தமனி அறுவைச் சிகிச்சையில் குழாயைக் கவ்வி மூடும்போது, ரத்தம் போதாவிட்டால் சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்து வேக அலைகள் மங்கி மெல்லலைகள் தலையெடுக்கும். ஆனால் 1971-இல் சி.டி. ஸ்கேன் வந்ததும், இந்த ஈ.ஈ.ஜி. பெரும்பாலும் வலிப்பு நோய்க்கான கருவியாக ஒதுங்கிப்போயிற்று.

அதை மறுபடி அழைத்து வந்தது சிகிச்சையின் வளர்ச்சிதான். கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டென்று 1995-இல் நிரூபணமாயிற்று. 2015-இல், பெரிய குழாயின் அடைப்பைக் கம்பி விட்டு இழுத்தெடுக்கும் முறையும் தேறியது. அதைச் செய்யும் ஆஸ்பத்திரிகள் சிலவே. ஆகவே எங்கே வண்டியைத் திருப்புவது என்பதே உயிர்க்கேள்வி ஆகிவிட்டது. 2008-இல் ஜெர்மனியின் ஹோம்பர்கில் சி.டி.யையே வண்டியில் ஏற்றினார்கள். எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகிற காரியமா அது? ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் பசை தடவத் தேவையில்லாத ஈ.ஈ.ஜி. தொப்பியை ஆம்புலன்ஸில் நோயாளிகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். இரு பக்கத்து அலைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கொண்டே பெரிய அடைப்பை ஊகிக்க முடிந்தது.

ஆனால் நோயாளி அசைந்தாலோ, தொப்பி சரியாகப் படியாவிட்டாலோ பதிவு கெட்டுவிடும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று தீர்த்துச் சொல்ல இன்றும் ஸ்கேன்தான் வேண்டும். அது தெரியாமல் கரைக்கும் மருந்தை ஏற்றவும் முடியாது.