படகுக்கு எந்த என்ஜின் வாங்கலாம்? மீனவர்கள் கவனிக்க வேண்டியவை

நாகப்பட்டினம்:
கடன் வாங்கி என்ஜின் மாட்டிய பிறகு "படகு இழுக்கலையே" என்று கையைப் பிசைந்து பயனில்லை. நடுக்கடலில் என்ஜின் மக்கர் செய்தால் காற்றும் நீரோட்டமும் படகை எங்கோ கொண்டு போய்விடும். உயிருக்கே ஆபத்து.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமிக்கு பிறகு நாகை கடற்கரையில் பைபர் படகுகள் பெருகின. இந்தப் படகுகளுக்கு நீண்ட தண்டு கொண்ட டீசல் என்ஜினும், பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு என்ஜினும் பயன்படுகின்றன. அவுட்போர்டு வாங்குவோர் பார்க்க வேண்டியவை வருமாறு:-

குதிரைத்திறன்

காலி படகை வைத்து கணக்கு போடக்கூடாது. ஆட்கள், வலை, ஐஸ், பிடித்த மீன் எல்லாம் சேர்ந்த எடையை பார்க்க வேண்டும். திறன் குறைந்தால் எதிர்காற்றில் படகு நகராது. அதற்காக பெரிய என்ஜினை மாட்டினால் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறும். பின்பலகையும் விரிசல் விடும். படகு கட்டியவர் சொன்ன அளவை தாண்டக்கூடாது.

தண்டின் நீளம்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 15, 20, 25 அங்குலம் என்று தண்டு வருகிறது. என்ஜின் மாட்டும் இடத்தில் பின்பலகையின் மேல்விளிம்பில் இருந்து படகின் அடிவரை அளந்து வாங்க வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி இருந்தால் சரி. தண்டு குட்டையானால் புரொப்பல்லர் காற்றை இழுத்து, என்ஜின் சும்மா அலறும். நீளமானால் மணலில் தட்டும்.

எரிபொருள்

டூ ஸ்டிரோக் என்ஜின் எடை குறைவு, ரிப்பேர் சுலபம். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. இந்த அளவு என்ஜினுக்கு என்ஜின் மாறும். கம்பெனி புத்தகத்தை பார்த்தே ஊற்ற வேண்டும். போர் ஸ்டிரோக் எண்ணெய் குறைவாக குடிக்கும். ஆனால் கனமானது, விலையும் அதிகம். மண்ணெண்ணெய் என்ஜினை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு வர வேண்டும்.

புரொப்பல்லர்

பாரம் இழுக்க பிட்ச் குறைந்ததும், வேகத்துக்கு பிட்ச் கூடியதும் ஏற்றது. பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டியும் புத்தகத்தில் உள்ள சுற்று வரவில்லை என்றால் பிட்சை குறைக்க வேண்டும்.

பராமரிப்பு

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பை கழுவ வேண்டும். ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நின்றால் உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். துருவை தடுக்கும் துத்தநாகத் துண்டு மேல் பெயிண்ட் அடிக்கக்கூடாது. ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறை கையில் மாட்டிக்கொள்வது நல்லது.

உள்ளூரில் உதிரிபாகமும் மெக்கானிக்கும் கிடைக்கிற என்ஜினாக பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். மானியம் எதிர்பார்ப்பவர்கள் பணம் கட்டும் முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.