பிரிட்டன் – ஜெர்மனி கடற்படைப் போட்டி

1898 முதல் 1912 வரை இவ்விரு நாடுகளும் போர்க்கப்பல் கட்டுவதில் நடத்திய போட்டி. முதல் உலகப் போரின் பின்புலக் காரணங்களுள் ஒன்று.

1871இல் ஒன்றிணைந்த ஜெர்மனி, நூற்றாண்டு முடிவதற்குள் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்தியது. அதன் கடற்படைச் செயலர் டிர்பிட்ஸ் போட்ட கணக்கு இது: பிரிட்டனை வெல்லும் அளவுக்குக் கப்பல்கள் வேண்டாம், மோதினால் பெருஞ்சேதம் வரும் என்ற அச்சமே அந்நாட்டை இறங்கிவரச் செய்யும். 1898, 1900ஆம் ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்கள் இவ்வாறு பிறந்தன. கணக்கு அடியோடு பொய்த்தது. உணவுக்கே கடலை நம்பியிருந்த தீவு நாடு இறங்கிவரவில்லை. 1904இல் பிரான்சுடனும் 1907இல் ரஷ்யாவுடனும் பழம்பூசல்களைத் தீர்த்துக்கொண்டது. 1906இல் அது கடலில் இறக்கிய ‘டிரெட்நாட்’ முந்தைய போர்க்கப்பல்களையெல்லாம் பழையனவாக்கிவிட, செலவு இருபுறமும் ஏறியது. 1912இல் பிரிட்டன் அமைச்சர் ஹால்டேன் பெர்லினில் நடத்திய பேச்சும் பயன் தரவில்லை.

ஒரு வல்லரசின் எழுச்சி போரில்தான் முடியும் என்பதற்கு இதைச் சான்று காட்டுவது தவறு. அதே காலத்தில் வளர்ந்த அமெரிக்காவுக்குப் பிரிட்டன் 1901இல் ஒப்பந்தம் வழியே மத்திய அமெரிக்கக் கால்வாய் உரிமையை விட்டுக்கொடுத்தது. வளர்ச்சியைவிட, அண்டைக் கடலில் குவிந்த படையும் அதன் பின்னிருந்த மிரட்டலுமே பகையை வளர்த்தன. போர் மூண்டதோ பால்கனில். பிரிட்டன் அதில் இறங்கியது, ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தபின்.

அந்தப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. போர் முடிவில் சிறைப்பட்ட ஜெர்மானியக் கடற்படையை 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா புளோவில் அதன் மாலுமிகளே மூழ்கடித்தனர்.