தமிழ்நாட்டில் ஆட்சி மாறியும் பவானி மாறாதது ஏன்? 2021 முடிவு சொல்லும் கணக்கு

2021 மே 2. தமிழ்நாடு முழுக்க வாக்கு எண்ணிக்கை. திமுக கூட்டணி 159 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. ஆனால் ஈரோடு மாவட்டம் பவானியில் ஜெயித்தது அதிமுகதான். அதுவும் இழுபறி எல்லாம் இல்லை.

அதிமுகவின் கே.சி. கருப்பணன் 1,00,915 வாக்குகள். திமுகவின் கே.பி. துரைராஜ் 78,392 வாக்குகள். வித்தியாசம் 22,523. மூன்றாவது இடம் பிடித்த நாம் தமிழர் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 10 ஆயிரம். அதை அப்படியே துரைராஜ் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும் முடிவு மாறாது. "ஓட்டு பிரிஞ்சுதான் தோத்தோம்"னு இங்கே சொல்ல முடியாது.

'கொங்குன்னா இரட்டை இலைதானே'ன்னு கேட்கலாம். பக்கத்துத் தொகுதியான அந்தியூரைப் பாருங்க. அதே நாளில் அங்கே திமுக 1,275 வாக்கில் ஜெயித்தது. மாவட்டத்தின் 8 தொகுதிகளில் 3 திமுக கூட்டணிக்குப் போனது. அதனால் 'கோட்டை' என்ற ஒரே வார்த்தையில் பவானியை முடித்துவிட முடியாது.

பழைய முடிவுகளில்தான் விஷயம் இருக்கு. 1996ல் இங்கே ஜெயித்தது தமிழ் மாநில காங்கிரஸின் எஸ்.என். பாலசுப்பிரமணியன். 2006ல் பாமகவின் கே.வி. ராமநாதன். இரண்டு பேருமே அப்போது திமுக கூட்டணி. ஆனால் பவானி வாக்காளர் குத்தியது முதல் தடவை சைக்கிள், அடுத்த தடவை மாம்பழம். உதயசூரியன் இல்லை! 2016லும் 2021லும் திமுக தன் சொந்தச் சின்னத்தில் நேரடியாக இறங்கியது. இரண்டு தடவையும் கருப்பணனிடம் 20 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றது.

இதில் பாமக எந்தப் பக்கம் என்பது முக்கியம். கொங்கு மண்டலத்தில் இருந்தாலும் பவானியில் வன்னியர் வாக்குகளுக்குத் தனி எடை உண்டு. 2001ல் பாமக அதிமுக கூட்டணியில் இருந்தது, கருப்பணன் ஜெயித்தார். 2006ல் திமுக பக்கம் போனது, தொகுதியும் கூடவே போனது. 2021ல் திரும்ப அதிமுக பக்கம். வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு மசோதா நிறைவேறியதும் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். பின்னாடி நீதிமன்றம் அதை ரத்து செய்தது வேறு கதை.

ஆனால் பாமக மட்டுமே காரணம்னு சொன்னால் 2011 இடிக்கும். அப்போது திமுக கூட்டணியில் பாமகவின் கே.எஸ். மகேந்திரனே நின்றார். அதிமுகவின் பி.ஜி. நாராயணன் அவரை 28,041 வாக்கில் வீழ்த்தினார். 2016ல் பாமக தனியாக நின்றபோதும் அதிமுகவுக்கு 24,887 வாக்கு முன்னிலை. ஆக, இரட்டை இலைக்கு இங்கே சொந்த அடித்தளம் இருக்கு. பாமக அதற்கு மேல் சேரும் பலம்.

வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? 28 ஆயிரம், 24 ஆயிரம், 22 ஆயிரம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

இந்த முடிவால் தொகுதிக்கு என்ன ஆச்சு? 2016 முதல் 2021 வரை கருப்பணன் சுற்றுச்சூழல் அமைச்சர். ஆற்றில் சாயக்கழிவு கலக்குதுன்னு வருஷக்கணக்கா புகார் சொல்லும் ஊருக்கு அதுதான் மிக நெருக்கமான துறை. 2021ல் ஜெயித்தும் அவர் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். மாவட்டத்தில் அமைச்சர் ஆனவர் ஈரோடு மேற்கில் வென்ற திமுகவின் சு. முத்துசாமி. அவர் 1991ல் இதே பவானியில் ஜெயித்தவர், அதிமுக வேட்பாளராக!

ரிசல்ட் தேடுபவர்கள் கவனிக்க: பவானிசாகர் வேறு தொகுதி. மக்களவைக்கு வந்தால் பவானி இருப்பது ஈரோட்டில் இல்லை, திருப்பூரில். அந்தத் தொகுதியில் 2019, 2024 இரண்டிலும் ஜெயித்தது திமுக கூட்டணியின் கே. சுப்பராயன். அவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. சின்னம், கதிர் அரிவாள்.