பட்டம் தராத ஒரு பல்கலைக்கழக மையம்

பிஜின்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது பாரதியாரோட கரும்புத் தோட்டப் பாட்டுதான். 1879-லேர்ந்து 1916 வரைக்கும் 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளா அங்கே கப்பல்ல ஏத்தினாங்க. 1903-லேர்ந்து மதராஸ் துறைமுகம் வழியாவும் ஆட்கள் போனாங்க. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். இன்னைக்கு எபிசோட், பிஜியோட தலைநகரான சுவாவுல 1997-ல தொடங்கின ஓஷியானியா கலை, பண்பாட்டு மையம் பத்தி.

அது இருக்கிற இடம் தென் பசிபிக் பல்கலைக்கழகம். 1968-ல ஆரம்பிச்சது. டோங்கா, சமோவா, துவாலு, வனுவாட்டுன்னு 12 தீவு அரசுகளுக்கும் பொதுச் சொத்து. இந்தத் தீவுகள் சிதறிக் கிடக்கிற கடல் சுமார் 3.3 கோடி சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட பத்து இந்தியா. 1970-களிலேயே நாசாவோட பழைய ஏடிஎஸ்-1 சாட்டிலைட் வழியா தீவு தீவா பாடம் நடத்தியிருக்காங்க. ஒரு இன்ஜினியரா இதைச் சொல்லாம தாண்டிப் போக மனசு வரலை!

அங்கே ஆசிரியரா இருந்தவர் எபெலி ஹவோஃபா. டோங்காவைச் சேர்ந்த மிஷனரிப் பெற்றோருக்கு 1939-ல பப்புவாவுல பிறந்தவர். மானுடவியல் ஆய்வாளர், கூடவே செம நக்கலான கதைக்காரர். வெளிநாட்டு உதவி, வளர்ச்சித் திட்டம்னு தீவுகளுக்கு வந்து இறங்கின நிபுணர்களைத் தன் சிறுகதைகள்ல ஓட்டித் தள்ளியிருக்கார்.

ஆனா வகுப்புல நிலைமை வேற. 'தீவுகள் சின்னது, வளம் கிடையாது. வெளிநாடு போனவங்க அனுப்புற பணம், வெளிநாட்டு உதவி, அரசாங்க வேலை, இதை வெச்சுத்தான் ஓட்டணும்' என்பதுதான் அப்போதைய பொருளாதாரப் பாடம். ஹவோஃபாவும் அதைத்தான் நடத்தினார். ஒரு கட்டத்தில் மாணவர்களோட முகம் வாடிப்போறதைக் கவனிச்சார். சொந்த ஊர்ப் பிள்ளைகள் முன்னாடி நின்னு 'உங்களுக்கு எதிர்காலம் இல்லை'ன்னு சொல்றது என்ன வாத்தியார் வேலை என்ற கேள்வி அவரைக் குடைய ஆரம்பிச்சது.

1993-ல ஹவாய்ப் பெருந்தீவுல கோனாவிலிருந்து ஹீலோவுக்குக் கார்ல போறார். வழியில எரிமலை. லாவா கடல்ல விழுந்து தீவு இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கு. எதைச் சின்னதுன்னு சொல்றோம்? அந்த யோசனையில பிறந்ததுதான் 'அவர் சீ ஆஃப் ஐலண்ட்ஸ்' என்கிற கட்டுரை. நிலத்தை மட்டும் அளந்தா தீவுகள் புள்ளிகள். அவங்க முன்னோர்களுக்குக் கடலும் சேர்த்துத்தான் ஊர். பிஜி, டோங்கா, சமோவாவுக்குள்ள படகு, பாய், பெண் எடுத்துப் பெண் கொடுக்கிறது எல்லாமே கடல் வழியா நடந்தது. அதை அறுத்தது 19-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பியர்கள் போட்ட எல்லைக்கோடுகள்.

நாலு வருஷம் கழிச்சு மையம் ஆரம்பிச்சப்போ, இந்த வாதத்தை அவர் பெயரிலேயே வெச்சார். தீவுகளைக் குறிக்காம கடலைக் குறிக்கிற 'ஓஷியானியா'. பெரிய பட்ஜெட் கிடையாது. அவர் காலத்துல பட்டப்படிப்பும் கிடையாது. முறையா ஓவியம் படிக்காதவங்க வந்து தங்கி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்துக்கிட்டு வரைஞ்சாங்க. 'ரெட் வேவ்'ங்கிற ஓவியர் குழு அங்கிருந்துதான் கிளம்பிச்சு. நடனமும் இசையும் பக்கத்திலேயே. டூரிஸ்ட்டுக்காக ஆடற ஹோட்டல் டான்ஸும் வேண்டாம், வெளிநாட்டு பாணியை ஈயடிச்சான் காப்பி அடிக்கவும் வேண்டாம். ஓஷியானியாவில் வேர்விட்ட புதுக் கலை வேணும் என்பது அவர் பிடிவாதம். ஆராய்ச்சின்னா பேப்பர் போடறதுன்னு பழகின நமக்கு இது விசித்திரமா இருக்கலாம். எனக்கு இதுதான் அசல் ஆராய்ச்சியாத் தெரியுது. சொந்த மண்ணைப் பத்தின தப்பான கணக்கை மாத்த இன்னொரு புள்ளிவிவரம் மட்டும் போதாதுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு.

சரி, இந்தக் கடல்ல கரும்புக் கூலிகளோட பேரப்பிள்ளைகளுக்கு இடம் உண்டா? 1987-ல பிஜியில ரெண்டு ராணுவக் கவிழ்ப்பு நடந்து, இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டுப் போயிட்டாங்க. 1998-ல் வெளியான கட்டுரையில் ஹவோஃபா இதுக்குப் பதில் சொல்றார்: இந்தப் பகுதியில் வாழ்ந்து, இதன் மேல் பற்று வைத்த யாரும் ஓஷியானியர்தான். ரத்தத்தை அவர் கேட்கவே இல்லை.

ரெண்டு வருஷத்துல, 2000 மே மாசம், அதே சுவாவுல ஆயுதக் கும்பல் ஒண்ணு நாடாளுமன்றத்துக்குள்ள புகுந்தது. பிஜியோட முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் மகேந்திர சௌத்ரி 56 நாள் பணயக்கைதியா இருந்தார். ஹவோஃபா அந்த நாட்டை விட்டுப் போகலை. 2009 ஜனவரியில் இறக்கும் வரைக்கும் பிஜியிலேயேதான் இருந்தார்.